‘அனைத்து யூனியன்’, ‘அனைத்து ரஷ்ய’: இரண்டும் ஒரே கல்லூரியா?

கேள்வி: என் தந்தை 1984-இல் மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவருடைய பட்டயத்தில் ‘அனைத்து யூனியன் அரசுத் திரைப்படக் கல்லூரி’ என்று இருக்கிறது. இப்போது பார்த்தால் ‘அனைத்து ரஷ்ய’ என்கிறார்கள். நினைவு மலரில் எதைப் போடுவது?

பதில்: பட்டயத்தில் இருப்பதையே போடுங்கள். கல்லூரி ஒன்றுதான். மாறியது நாடு.

சோவியத் நாட்டில் நாடு தழுவிய அமைப்புகளின் பெயருக்கு முன்னால் ‘வ்செஸயூஸ்னி’, அதாவது ‘அனைத்து யூனியன்’ என்ற சொல் வரும். நம் ‘அகில இந்திய’ போல. 1991-இல் யூனியன் கலைந்தபின் அந்த இடத்தில் ‘வ்செரஸ்ஸீஸ்கி’, அதாவது ‘அனைத்து ரஷ்ய’ வந்து உட்கார்ந்தது. ரஷ்ய மொழியில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே. அதனால் கல்லூரியின் ‘விகிக்’ என்ற சுருக்கப் பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1934-இல் அந்த முதலெழுத்து ‘உயர்நிலை’ என்ற சொல்லைக் குறித்தது. 1938-இல்தான் ‘அனைத்து யூனியன்’ ஆனது. ஓர் எழுத்து, மூன்று பொருள்!

ஆனால் ‘அனைத்து ரஷ்ய’ என்று கண்டதும் 1991-க்குப் பிந்தையது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1917 டிசம்பரில் தொடங்கிய ‘செக்கா’ உளவு அமைப்பின் முழுப்பெயரிலும் ‘அனைத்து ரஷ்ய’ உண்டு. அப்போது சோவியத் ஒன்றியமே பிறக்கவில்லை. அது 1922 டிசம்பர் 30-இல்தான் உருவானது. அதன்பிறகு, சோவியத் காலம் முழுக்க, ‘அனைத்து ரஷ்ய’ என்றால் பொதுவாக ஒன்றியத்தின் ஓர் உறுப்பான ரஷ்யக் குடியரசு மட்டும் என்று பொருள். ஆகவே ஆவணத்தின் ஆண்டைப் பார்க்காமல் பொருள் கொள்ளக் கூடாது.

எல்லா அமைப்புக்கும் இந்த முன்னொட்டு கிடையாது. அறிவியல் கழகம் 1925 முதல் ‘சோவியத் ஒன்றியத்தின் அறிவியல் கழகம்’தான். உக்ரைனுக்கும் ஜார்ஜியாவுக்கும் தனிக் கழகங்கள் இருந்தன. ரஷ்யக் குடியரசுக்கு இல்லை. மாஸ்கோவிலிருந்த மத்தியக் கழகமே போதும் என்று விட்டுவிட்டார்கள். 1991-இல் அதுவே ரஷ்ய அறிவியல் கழகமாயிற்று.

தமிழில் ‘அனைத்து ஒன்றிய’ என்று எழுத வேண்டாம் என்பது என் கருத்து. நம்மவர்களுக்கு ஊராட்சி ஒன்றியம் நினைவுக்கு வரும். ‘அனைத்து யூனியன்’ என்றே எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘இன்று அனைத்து ரஷ்ய அரசுத் திரைப்படப் பல்கலைக்கழகம்’ என்று ஒருமுறை குறித்துவிடுங்கள். இன்றைய பெயரில் உள்ள இயக்குநர் கெராசிமோவின் பெயரை உங்கள் தந்தையின் பட்டயத்தில் தேட வேண்டாம். அது 1986-இல் சேர்ந்தது.