வாசகர் கேள்வி – பதில்: வைல்ட்கேட் தோட்டா உறைகள் ஏன் கிழிகின்றன?

கே: வைல்ட்கேட் (விற்பனைத் தோட்டாவின் உறையை மாற்றி உருவாக்கும் தனிவகை) தோட்டாவுக்கு ஃபயர்ஃபார்மிங் (துப்பாக்கி அறையின் வடிவத்துக்கு உறை விரியும்படி சுடுதல்) செய்கிறேன். முதல் தடவை சுட்டதுமே சில உறைகளின் அடிப்பக்கம் பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறது. ஒன்று இரண்டாகவே பிரிந்துவிட்டது. வெடிமருந்து அதிகமாகிவிட்டதா?

ப: மருந்தைச் சந்தேகப்படும் முன் ஹெட்ஸ்பேஸைப் பாருங்கள். அதாவது, உறைக்கும் சேம்பருக்கும் (தோட்டா உட்காரும் அறை) இடையே நீளவாக்கில் இடைவெளி இருந்தால், சுத்தியல் ஊசி அடித்ததும் உறை முன்னால் நகர்ந்துவிடும். அழுத்தம் ஏறும்போது மெல்லிய முன்பக்கச் சுவர் சேம்பரை இறுகப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பாகம் மட்டும் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) முகத்தை நோக்கிப் பின்னால் தள்ளப்படும். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது, தடித்த அடியும் மெல்லிய சுவரும் சேரும் இடம். நீங்கள் பார்த்த வளையம் அங்கேதான் விழுந்திருக்கிறது.

ஆக, முதல் வெடிப்பின்போது உறை பின்பக்கம் போல்ட்டில் அழுந்தி நிற்க வேண்டும். அதற்கு நம்பகமான வழி பொய்த்தோள், அதாவது உறையின் கழுத்தில் தற்காலிகமாக விடும் படி. உதாரணமாக, .30 காலிபர் (குழல் விட்டம், அங்குலத்தில்) உறையின் கழுத்தை .338 அளவுக்கு விரியுங்கள். பிறகு உங்கள் வைல்ட்கேட்டின் சைசிங் டையை (உறையை அளவுக்கு அழுத்தும் அச்சு) கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் உறையைச் சேம்பரில் போட்டுப் பாருங்கள். போல்ட் லேசான எதிர்ப்போடு மூடும் இடத்தில் டையைப் பூட்டிவிடுங்கள். கழுத்தில் மிஞ்சும் சின்னப் படிதான் உறையைப் பின்னால் பிடித்து வைக்கும். பெல்ட் (அடியைச் சுற்றிய தடித்த வளையம்) உள்ள மேக்னம் உறைகளுக்கும் இதே வழிதான். பெல்ட்டை மட்டும் நம்பினால் அதற்குச் சற்று முன்னால் சுவர் இழுபடும்.

குண்டை நீளமாக வைத்து ரைஃப்ளிங்கில் (குழலுக்குள் உள்ள சுழல் வரிகள்) முட்டவிடுவதும் உண்டு. கழுத்துப்பிடி தளர்வாக இருந்தால் குண்டு உள்ளே சறுக்கிவிடும், பலன் கிடைக்காது. முட்டிய குண்டு அழுத்தத்தையும் கூட்டும். இப்படிச் சுடும்போது மருந்தளவுக் கையேட்டின் ஆரம்ப அளவைத் தாண்டாதீர்கள். என் தேர்வு பொய்த்தோள்தான்.

ஆக்லி இம்ப்ரூவ்ட் (மூலத் தொழிற்சாலைத் தோட்டாவையே சுட்டு விரித்து உருவாக்கும் வைல்ட்கேட்) வகைகளில் இந்த வேலை தேவைப்படாது. அந்தச் சேம்பரை மூலத் தோட்டாவின் 'கோ' கேஜைவிட (சேம்பரின் குறைந்தபட்ச நீளத்தைச் சரிபார்க்கும் அளவுகோல்) 0.004 அங்குலம் (சுமார் 0.1 மி.மீ.) குட்டையாக வெட்ட வேண்டும். அப்படி வெட்டியிருந்தால் கழுத்தும் தோளும் (உறையின் உடல் கழுத்துக்குக் குறுகும் சரிவு) சேரும் இடத்திலேயே தொழிற்சாலைத் தோட்டா இறுகி உட்காரும். போல்ட் கொஞ்சமும் தடுக்காமல் மூடினால், மேற்கொண்டு சுடாமல் துப்பாக்கியைத் துப்பாக்கித் தொழிலாளரிடம் காட்டுங்கள்.

சுட்ட உறைகளைச் சோதிக்க, ஒரு மெல்லிய கம்பியின் நுனியைக் கூராக்கி, செங்குத்தாக மடக்குங்கள். அதை உறைக்குள் விட்டுச் சுவரோடு கீழிருந்து மேலே இழுங்கள். பள்ளத்தில் தட்டினால், வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த உறையை நசுக்கிப் போட்டுவிடுங்கள்.

கே: எனக்குக் கழுத்தும் தோளும்தான் நீளவாக்கில் பிளக்கின்றன.

ப: அது வேறு நோய். உறைப் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். விரிப்பதும் சுருக்குவதும் சுடுவதும் அதை இறுக வைக்கும். இறுகிய உலோகம் விரிவதற்குப் பதில் பிளக்கும். பலமுறை சுட்ட பழைய உறைகளை வைல்ட்கேட்டுக்கு எடுக்காதீர்கள். கழுத்தை விரித்த பிறகு, சுடுவதற்கு முன் அனீலிங் (சூடுகாட்டி உலோகத்தை இளக்குதல்) செய்யுங்கள். கழுத்தின் உட்புறம் 400 டிகிரி செல்சியஸில் உருகும் வெப்பம் காட்டும் வார்னிஷைத் தடவி, உறையைச் சுழற்றியபடி சுடரில் காட்டுங்கள். வார்னிஷ் உருகியதும் எடுத்துவிட வேண்டும். சில நொடி வேலைதான்.

கழுத்தும் தோளும் மட்டுமே சூடாகலாம். அடிப்பாகம் இளகினால் அழுத்தத்தைத் தாங்காது; கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. அதனால் சிலர் உறையை அரையளவு தண்ணீரில் நிறுத்திச் சூடுகாட்டுவார்கள். சூடான உறையைத் தண்ணீரில் போட்டால் எஃகைப் போல இறுகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பித்தளை அப்படி இறுகாது, சூடு கீழே இறங்குவது மட்டும் நிற்கும்.

கே: உறையில் எண்ணெய் தடவினால் இழுபடாது என்கிறார்களே?

ப: இழுபடாது, உண்மைதான். ஆனால் உறை சேம்பரைப் பிடிக்காததால், அந்த விசையும் போல்ட்டின் மேல் விழும். செய்யாதீர்கள். சைசிங் மெழுகையும் துடைத்துவிட்டே சுடுங்கள்.

கே: பாதுகாப்புக்காக மருந்தை நன்றாகக் குறைத்துவிடலாமா?

ப: கூடாது. அழுத்தம் போதாவிட்டால் தோள் உருண்டையாகவே நிற்கும், பிரைமர் (அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் மூடி) வெளியே தள்ளி நிற்கும். மெதுவாக எரியும் மருந்தைக் கையேட்டின் ஆரம்ப அளவுக்குக் கீழே குறைப்பது தனி ஆபத்து. மூலத் தோட்டாவுக்கு வெளியான அளவுகளுக்குள்ளேயே, ஆரம்ப அளவிலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள். சுடவே வேண்டாம் என்றால், தண்ணீர் அழுத்தத்தில் உருவாக்கும் ஹைட்ராலிக் டை இருக்கிறது. தோளின் முனைகள் அவ்வளவு கூர்மையாக வராது என்றாலும் சேம்பரில் சரியாக உட்காரும்.

கே: சுடாமல் பெட்டியில் வைத்திருந்த உறைகளிலும் விரிசல் இருக்கிறது.

ப: அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டீர்களா? உள்ளே தேங்கிய இறுக்கமும் அம்மோனியாவும் சேர்ந்தால் பித்தளை தானாக வெடிக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டா உறைகள் இப்படித்தான் விரிசல் விட்டன. அம்மோனியா இல்லாத சுத்திகரிப்பானுக்கு மாறுங்கள். விரிசல் கண்ட பெட்டியில் மீதியுள்ளவற்றையும் பயன்படுத்தாதீர்கள்.