அவன் வீட்டுக்குப் போகவே மனசு வரவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 70. என் நண்பன் இரண்டு வயது மூத்தவன். அரசு பஸ்ஸில் அவன் டிரைவர், நான் கண்டக்டர். தேனி – மதுரை ரூட்டில் மட்டும் 14 வருடம் ஒன்றாக ஓடினோம். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறான். வலது கை கால் வராது, பேச்சும் போய்விட்டது. மகன் வெளியூரில். பிசியோ பார்ப்பவர் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வந்துபோகிறார். மற்றதெல்லாம் ஹோம் நர்ஸ் பெண்தான். அவளால்தான் எனக்கு மனக்கஷ்டமே. நான் போனால் “தாத்தா தூங்கணும்” என்கிறாள். எந்நேரமும் கையில் செல்போன். மகன் வேறு ஹாலில் கேமரா வைத்திருக்கிறான், என்னையும் சேர்த்துத்தானே பார்க்கிறான்? ராத்திரி எத்தனை தடவை டயப்பர் மாற்றுகிறாய் என்று அக்கறையில் கேட்டால்கூட முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள். ஒருநாள் அவள் மாற்றும்போது கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஆறு வாரமாகப் போகவில்லை. அந்தப் பெண் இருக்கும்வரை எப்படிப் போவது? ஆளை மாற்றச் சொல்லி மகனிடம் பேசட்டுமா?

அன்புள்ள ஐயா,

நர்ஸும் கேமராவும் இருக்கட்டும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்கிறீர்கள். ஆனால் அன்றிலிருந்துதான் நீங்கள் போகவில்லை.

வருத்தப்படுவீர்கள் என்று தெரிந்தே சொல்கிறேன், நீங்கள் அப்போதே எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். பஸ் நிறைய ஆட்களோடு ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி இறக்கியவர் அவர். அதைக் கூடவே இருந்து பார்த்தவர் நீங்கள். வேறு யார் அந்தக் கோலத்தில் பார்த்திருந்தாலும் அவருக்கு இவ்வளவு கூசியிருக்காது. டயப்பர் கேள்வியையும் அவர் தலைமாட்டில் வைத்துத்தான் கேட்டிருப்பீர்கள். மூளையின் இடப்பக்கம் பாதித்தால் வலது கை காலோடு பேச்சும் போவதுண்டு. பேச வராத பலருக்கு, மற்றவர் பேசுவது பெருமளவு புரியும். அவர் காதில் அது விழுந்திருக்கும், ஐயா.

அந்தப் பெண் ‘தூங்கணும்’ என்று உங்களை அனுப்பியது எந்த நேரத்தில் என்று யோசித்துப் பாருங்கள். அவர் மானத்தைக் காக்க இப்போது அந்த வீட்டில் இருப்பவள் அவள் ஒருத்திதான். அவளை மாற்றிவிட்டால் நீங்கள் பார்த்தது மறைந்துவிடாது. மகனிடம் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

பேசாத மனிதரோடு என்ன பேசுவது என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கலாம். உங்கள் ஒரு விசிலுக்கு நின்று, இரண்டு விசிலுக்கு வண்டியை எடுத்தவர்தானே! தலையசைத்தால் போதும் என்கிற மாதிரி கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள், நடுவில் நீங்களே முடித்துவைக்காதீர்கள்.

குளிப்பாட்டி முடித்த பிறகு எப்போது வரலாம் என்று அந்தப் பெண்ணிடமே போனில் கேட்டுவிட்டுப் போங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது அவள் டயப்பரை எடுத்தால், யாரும் சொல்லாமல் நீங்களே எழுந்து வாசலுக்குப் போய்விடுங்கள். அவள் கூப்பிட்டதும் உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள்.