மிரர் செய்த லாஜிக்கல் வால்யூமைப் பெரிதாக்க முடியவில்லை: 110 பார்ட்டிஷன் காலியாக இருந்தும் ஏன்?

ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ் இயங்குதளம்) சர்வரில் இரண்டு டிஸ்க்குகளில் மிரர் செய்த, அதாவது ஒரே தரவை இரண்டு பிரதிகளாக வைத்த, ஃபைல் சிஸ்டத்துக்கு 5 ஜிபி கூட்டப் பார்க்கிறீர்கள். வால்யூம் குரூப்பின் (ஒன்றாகச் சேர்த்த டிஸ்க்குகளின்) விவரம் காட்டும் எல்எஸ்விஜி கட்டளை 110 காலி பார்ட்டிஷன், அதாவது இடத் துண்டுகள், காட்டுகிறது. ஒவ்வொன்றும் 128 எம்பி. ஆனாலும் 0516-404 என்ற இடப் பற்றாக்குறைப் பிழையைச் சொல்லிப் பெரிதாக்கும் கட்டளை நின்றுவிடுகிறது. மிரரை உடைத்துவிட்டுப் பெரிதாக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

உடைக்காதீர்கள். 110 என்பது இரண்டு டிஸ்க்குகளின் கூட்டுத்தொகை. உங்களுக்கு அது பயன்படாத எண். 5 ஜிபிக்கு 40 லாஜிக்கல் பார்ட்டிஷன் (வால்யூமின் கணக்கில் வரும் துண்டு) வேண்டும். மிரர் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃபிசிக்கல் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் உள்ள உண்மையான துண்டு), ஆக 80. அந்த இரண்டும் ஒரே டிஸ்க்கில் அமரக் கூடாது என்பது ஸ்ட்ரிக்ட்னஸ் விதி. எனவே ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனித்தனியாக 40 காலி இருந்தாக வேண்டும். கேள்வியோடு நீங்கள் ஒட்டியிருக்கும், டிஸ்க் வாரியாகக் காட்டும் 'எல்எஸ்விஜி -பி' வெளியீட்டைப் பாருங்கள்: எச்டிஸ்க்2-இல் 95 காலி, எச்டிஸ்க்3-இல் 15 காலி. ஜோடி சேர்வது 15 மட்டுமே. அதாவது 2 ஜிபிகூடத் தேறாது. மீதி 80 பார்ட்டிஷனும் துணையில்லாமல் சும்மா கிடக்கின்றன.

மிரரை உடைக்கும் யோசனை எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. ஆர்எம்எல்வி-காப்பி கொடுத்து ஒரு பிரதியை நீக்கினேன், மிஞ்சிய டிஸ்க்கில் வால்யூமைப் பெரிதாக்கினேன், எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு எம்கேஎல்வி-காப்பி கொடுத்து மிரரைத் திரும்ப அமைக்கப் போனால் அதே 0516-404! பெரிதான வால்யூமின் முழுப் பிரதிக்கு மற்ற டிஸ்க்கில் இடம் எங்கிருந்து வரும்? புதிய டிஸ்க் வந்து சேரும்வரை தரவு முழுவதும் ஒற்றை டிஸ்க்கில் நின்றது. அந்த நாட்களில் தொலைபேசி அடித்தாலே வயிறு கலங்கும்.

உங்கள் நிலை அவ்வளவு மோசமில்லை. நீங்கள் தந்த விவரப்படி எச்டிஸ்க்3-இல் மிரர் இல்லாத தற்காலிக வால்யூம் ஒன்று 45 பார்ட்டிஷனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'மைக்ரேட்பிவி -எல்' கட்டளையில் அந்த வால்யூமின் பெயர், எச்டிஸ்க்3, எச்டிஸ்க்2 என்ற வரிசையில் கொடுத்தால் அது இடம் மாறும். ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்ய வேண்டியதில்லை. அதன்பின் காலியிடம் எச்டிஸ்க்2-இல் 50, எச்டிஸ்க்3-இல் 60 என்று ஆகிவிடும். 40 ஜோடி தாராளமாகக் கிடைக்கும். டிஸ்க்குகளுக்கு வேலை குறைவான நேரத்தில் செய்யுங்கள், அவ்வளவுதான். நகர்த்துவதற்கு முன் வால்யூம் குரூப்பில் ஸ்டேல் பார்ட்டிஷன் (மற்ற பிரதியோடு ஒத்துப்போகாத பழைய துண்டு) பூஜ்யமா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் பிரதிகளை ஒத்திசைக்கும் சிங்க்விஜி கட்டளையைக் கொடுங்கள்.

பிறகு ஃபைல் சிஸ்டத்தை மாற்றும் சிஎச்எஃப்எஸ் கட்டளையில் அளவை '+5ஜி' என்று கொடுத்தால் போதும். வால்யூம், அதன் மேலுள்ள ஃபைல் சிஸ்டம் இரண்டையும் அதுவே பெரிதாக்கும். வால்யூமை மட்டும் பெரிதாக்கும் எக்ஸ்டெண்ட்எல்வி தனியாகத் தேவையில்லை. பிளஸ் குறியை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மொத்த அளவே 5 ஜிபி என்று பொருளாகிவிடும்.

இப்போது வேறொரு பிழை வந்தால், 0516-787 என்று இருந்தால், அது இடப் பற்றாக்குறை அல்ல. வால்யூமின் பார்ட்டிஷன் உச்சவரம்பு, இயல்பாக 512, நிறைந்துவிட்டது; 'சிஎச்எல்வி -எக்ஸ்' கொண்டு உயர்த்தலாம். வால்யூமின் விவரம் காட்டும் எல்எஸ்எல்வி கட்டளை 'சூப்பர்ஸ்ட்ரிக்ட்' (ஒரு பிரதி இருக்கும் டிஸ்க்கில் இன்னொரு பிரதியின் எந்தத் துண்டும் அமராது) என்று காட்டும் வால்யூமுக்குப் பின்னாளில் புதிய டிஸ்க் சேர்த்தால் அப்பர் பவுண்ட் எண்ணையும் பாருங்கள். ஒரு பிரதி எத்தனை டிஸ்க்குகளில் பரவலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அது 1 என்று இருந்தால் புதிய டிஸ்க் முழுக்கக் காலியாக இருந்தும் சீண்டப்படாது.

ஸ்ட்ரிக்ட்னஸை அணைத்துவிட்டால் பிழை போய்விடும் என்று யாராவது சொல்லக்கூடும். போகும்தான், இரண்டு பிரதிகளும் ஒரே டிஸ்க்கில் அமர்ந்துவிடும், அந்த டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். எல்லாம் முடிந்ததும் 'எல்எஸ்எல்வி -எம்' போட்டு, கடைசி 40 வரிகளிலும் இரண்டு டிஸ்க் பெயர்களும் வேறு வேறாக இருக்கின்றனவா என்று ஒருமுறை கண்ணை ஓட்டிவிடுங்கள்.