உறவினரின் புற்றுநோய் சிகிச்சைக்காக மாரத்தான் ஓடிப் பணம் திரட்டுவது நம் ஊரில் சரிவருமா?

சரிவரும். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. என் சித்திக்காகச் சென்னை மாரத்தானில் முழுத் தூரமும் ஓடியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சித்திக்கு மார்பகப் புற்றுநோய், ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கும் ஹெர்2 பாசிட்டிவ் வகை. அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் நகையை வைத்துச் சமாளித்துவிட்டார்கள். டிராஸ்டுசுமாப் என்ற மருந்துதான் இடித்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டு முழுக்க ஏற்ற வேண்டும். அது இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் நடுநடுவே எக்கோ என்ற இதய ஸ்கேன் வேறு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சித்தப்பாவுக்குப் பேராவூரணியில் தேங்காய் வியாபாரம். காகிதத்தில் வருமானம் அதைத் தாண்டும். கையில் இருப்பதோ 2018 கஜா புயலுக்குப் பிறகு வெறும் கடன். நீங்கள் முதலில் இந்தக் காப்பீட்டை விசாரித்துவிட்டு அப்புறம் ஷூ வாங்குங்கள்.

ஓடப்போகிறேன் என்றதும் சித்தப்பா கேட்டார்: "நீ ஓடுறதுக்கும் உன் சித்திக்கு ஊசி போடுறதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

நியாயமான கேள்விதான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் பணமுடை என்றால் மொய் விருந்து வைப்பார்கள். ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு பரிமாறி, வருகிறவர்கள் வைப்பதை நோட்டில் எழுதி வாங்கிக்கொள்வது. பிறகு அவர்கள் வீட்டு விருந்தில் வாங்கியதோடு கொஞ்சம் கூடப் போட்டுத் திருப்பி வைக்க வேண்டும். கேட்பதில் கூச்சமே கிடையாது, எல்லாம் முறைதான். ஆனால் ஒரு வீடு ஒருமுறை வைத்தால் அடுத்தது நாலைந்து வருடம் கழித்துத்தான். சித்தப்பாவின் முறை புயல் கடனிலேயே போய்விட்டது.

சித்தியின் கவலை வேறு. "என் படத்தப் போட்டு ஊரெல்லாம் காசு கேக்காதடா தம்பி. பெரியவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்." மிலாப், கேட்டோ மாதிரி இணையத்தில் நிதி திரட்டும் தளங்களில் முகம் தெரியாதவர்களிடம் கேட்பதென்றால் நோயாளியின் படமும் மருத்துவச் சீட்டும் இல்லாமல் நடப்பது கஷ்டம். மொட்டைத் தலையும் கையில் ஊசியுமாக எத்தனை படங்களைப் பார்த்திருப்போம்! சித்தி அப்படி ஒரு படமாக வேண்டாம் என்று நானும் நினைத்தேன்.

ஓட்டம் கைகொடுத்தது இங்கேதான். காட்டுவதற்கு என் மூஞ்சி இருந்தது. ஞாயிறு காலை திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பக்கம் நீண்ட ஓட்டம் முடித்து, பனியன் முழுக்க உப்புப் பூத்து நிற்கும் படத்தை வாட்ஸாப்பில் போடுவேன். கீழே இரண்டு வரி: இந்த வாரம் இவ்வளவு கிலோமீட்டர், சித்தியின் இத்தனையாவது ஊசிக்குப் பணம் கட்டியாயிற்று. சித்தியின் பெயர்கூடக் கிடையாது. ஒருமுறை கேட்டுவிட்டு மறுபடி கேட்டால் நச்சரிப்பு. வாரா வாரம் ஓடிவிட்டுச் சொன்னால் அது செய்தி. அலுவலகத்தில் ஒருவர் கிலோமீட்டருக்கு 100 ரூபாய் என்று கணக்குப் போட்டு 4,200 அனுப்பினார். மீதி 195 மீட்டரைத் தள்ளுபடி செய்துவிட்டாராம்.

பலர் டெர்ரி ஃபாக்ஸ் கதையை அனுப்பி ஊக்கப்படுத்தினார்கள். 1980-ல் கனடாவில் ஒரு செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியவர். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார், மறு ஆண்டு 22 வயதில் இறந்தார். பெரிய மனிதர். ஆனால் அவர் கேட்டது ஆராய்ச்சிக்கு. ஒரு வீட்டு நோய்க்குக் கேட்கும்போது எதிராளி மனதில் ஓடுவது ஒன்றுதான்: பணம் நிஜமாகவே அங்கே போகிறதா? அதனால் என் கணக்குக்கு யாரிடமும் வாங்கவில்லை. நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டச் சொன்னேன். ரசீதை நான் குழுவில் போட்டேன். வருமானவரித் தொல்லையும் இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் மொத்தமும் உங்கள் வருமானமாகிவிடும். கொடுப்பவருக்கு நன்கொடைக்கான வரிச்சலுகையும் கிடையாது, அது பதிவுபெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான். இதை முன்பே சொல்லிவிடுங்கள், மார்ச்சில் ரசீது கேட்டு நிற்பார்கள்.

மாரத்தான் நடத்துபவர்கள் உதவுவார்களா என்றும் சிலர் கேட்பதுண்டு. மும்பை மாரத்தானில் யுனைடெட் வே மும்பை மூலமாக நிதி திரட்டும் ஏற்பாடு உண்டு. அதுவும் தொண்டு நிறுவனங்களுக்குத்தான், உங்கள் சித்திக்கு அல்ல. நுழைவுக் கட்டணம் கட்டி எல்லாரையும் போல ஓட வேண்டியதுதான், வசூல் உங்கள் சொந்தப் பொறுப்பு.

இன்னொன்று, சென்னை மாரத்தான் ஜனவரியில்தான், ஊசி அதுவரை காத்திருக்காது. "ஓடி முடி, தர்றேன்" என்பவர்களிடம் இப்போதே பாதி கேளுங்கள். எனக்கு வந்ததில் பெரும்பகுதி ஓட்டத்துக்கு முன்பே வந்தது. இதுவரை ஓடிப் பழக்கமில்லை என்றால் 42-க்கு ஆசைப்படாதீர்கள், 10 கிலோமீட்டர் போதும். எவ்வளவு நேரத்தில் முடித்தாய் என்று பணம் கொடுத்த ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

ஓட்டம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடியுமுன் நான்கு மணிக்கு நேப்பியர் பாலத்தில் கிளம்பும்போது சுகமாகத்தான் இருந்தது. முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் தொடை இறுகி, வெயிலும் ஏறி, பிறகு நடையும் ஓட்டமுமாக ஒப்பேற்றினேன். மார்புக் காம்பில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பனியன் உரசி ரத்தம் வந்துவிடும்.

ஊசிகள் முடிந்துவிட்டன. சித்தி இப்போது செக்கப்புக்கு மட்டும் சென்னை வருகிறார். சித்தப்பா என்னிடமிருந்து கொடுத்தவர்கள் பட்டியலை வாங்கி, பெயர், ஊர், தொகை என்று மொய் நோட்டில் ஏற்றிவிட்டார். போன மாதம் அந்த 4,200 நண்பர் கோவையில் வீடு கட்டிக் குடிபோனார். சித்தப்பா 5,000 அனுப்பியிருக்கிறார். நண்பர் பதறிப்போய், இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று என்னைக் கேட்டார். கொடுக்காதீங்க சார், கொடுத்தா அதையும் எழுதிவச்சுடுவார் என்றேன்.