நாயைக் காப்பாற்றினீர்கள், சரி, காகிதம் எங்கே?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். கோவைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து எட்டு வருடமாக ஒரு விலங்குகள் காப்பகம் நடத்துகிறோம். இப்போது 60 நாய்கள், 11 பூனைகள், கால் ஒடிந்த ஒரு கழுதை இருக்கின்றன. அரசாங்கத்திடம் ஒரு பைசா வாங்கியதில்லை. எங்கள் பகுதியில் பாதி கட்டி நிற்கும் ஒரு வீட்டில் காவலுக்கு ஒரு ராஜபாளையம் நாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள். மூன்றடிச் சங்கிலி. வெயிலும் மழையும் அதன் தலையில்தான். சங்கிலி கழுத்துத் தோலுக்குள் புதைந்து புழு வைத்திருந்தது. உரிமையாளரிடம் இரண்டு முறை பேசினோம். "என் நாய், உனக்கென்ன?" என்றார். ஸ்டேஷனில் மனு கொடுத்தோம், மனு வாங்கியதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது தந்ததோடு சரி. ஆகஸ்ட் 12 இரவு நாங்களே கேட்டைத் திறந்து நாயைக் கொண்டுவந்துவிட்டோம். சிகிச்சை செய்து, கருத்தடையும் செய்து, ஈரோட்டில் ஒரு நல்ல குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்தோம். வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டதும் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள், 83,000 ரூபாய் நன்கொடை வந்தது. இப்போது அந்த ஆள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். முப்பதாயிரம் ரூபாய் நாயைத் திருடினோமாம், ஏழு நாளில் திருப்பித் தர வேண்டுமாம், மானநஷ்டத்துக்கு ஐந்து லட்சமாம். ஸ்டேஷனிலும் புகார். கொடுமை செய்தவன் வெளியே நடமாடுகிறான், காப்பாற்றிய நாங்கள் திருடர்களா? அவனை உள்ளே வைக்க என்ன வழி?

பதில்: நீங்கள் அனுப்பியது ஆறு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்த ஆறில் ஐந்தே முக்கால் பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டேன். எட்டு வருடச் சேவை, கழுதைக்குப் போட்ட மாவுக்கட்டு, அந்த மனிதர் உங்களைப் பேசிய பேச்சு, இன்ஸ்பெக்டர் உட்காரச் சொல்லாதது, எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். வழக்குக் கட்டில் இவற்றுக்கு இடமில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில். அந்த நாயை உங்கள் கையில் கொடுத்தது யார்?

உரிமையாளர் எழுதிக் கொடுத்தாரா? போலீஸ் மகஜர் போட்டு ஒப்படைத்ததா? மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டாரா? மூன்றும் இல்லை. அப்படியானால் கொடுமைக்காரராக இருந்தாலும் அவர்தான் இன்றைக்கும் அந்த நாயின் உரிமையாளர். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் 29-வது பிரிவு உரிமையைப் பறிக்க வழி சொல்கிறது. ஆனால் அது குற்றம் நிரூபணமாகித் தண்டனை வந்த பிறகு, அதுவும் கோர்ட் பறிப்பது. ராத்திரி கேட்டைத் திறந்து நாம் பறிப்பதற்கு அந்தச் சட்டத்தில் பிரிவு இல்லை.

"நாயை எடுப்பதெல்லாம் திருட்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாரதிய நியாய சம்ஹிதையில் திருட்டு என்றால் என்ன என்று சொல்லும் 303-வது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். அதன் கீழே உள்ள உதாரணங்களில் ஒன்று, பையில் தீனியை வைத்துக்கொண்டு அடுத்தவன் நாயைப் பின்னால் வரவைத்துக் கொண்டுபோகிறவனைப் பற்றியதுதான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அதே உதாரணம் இருந்தது. நாய் என்றாலே சட்டத்துக்குத் திருட்டு ஞாபகம் வந்து 160 வருடத்துக்கு மேல் ஆகிறது.

உங்களுக்கு நேர்மையற்ற எண்ணம் இல்லை, அதனால் அது திருட்டு ஆகாது என்று வாதாடலாம். நல்ல வாதம்தான், விசாரணை முடிவில் ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். அந்த முடிவு வருவதற்குள் உங்கள் தன்னார்வலர்களில் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் பையன் போலீஸ் சரிபார்ப்புக்கு என்ன சொல்வான் என்று யோசியுங்கள். நோட்டீஸில் நாய்க்கு முப்பதாயிரம் விலை போட்டிருப்பதும் சும்மா இல்லை. மதிப்பு ஐயாயிரத்துக்குக் கீழே இருந்தால் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, ஜாமீனும் உரிமையாகக் கிடைக்கும். ஐயாயிரத்தைத் தாண்டினால் இரண்டுமே தலைகீழ். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை தெரியும்.

இனி நீங்கள் கேட்டது, அவரை உள்ளே வைக்க முடியுமா என்று. முடியாது. குட்டைச் சங்கிலியில் நேரம்காலமில்லாமல் கட்டிப் போடுவது, கட்டியே கிடக்கும் நாயை நடக்க விடாதது, சோறு தண்ணீர் நிழல் தராதது எல்லாம் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம்தான். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அச்சுப் பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட தொகை. சிறை என்ற பேச்சே மூன்று வருடத்துக்குள் இரண்டாம் முறை மாட்டினால்தான், அதுவும் மூன்று மாதம் வரை. இந்த வகைக் குற்றத்துக்கு மாஜிஸ்திரேட் சொல்லாமல் போலீஸ் விசாரிக்கவும் முடியாது. சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பினார்கள் என்று குமுறியிருக்கிறீர்கள். அந்த ஒரு விஷயத்தில் ஸ்டேஷன்மேல் தப்பில்லை.

"ஐந்து வருடச் சிறைப் பிரிவு இருக்கிறதே" என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். பாரதிய நியாய சம்ஹிதையின் 325-வது பிரிவு. விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ ஐந்து வருடம் வரை. ஆனால் அது சேதம் விளைவிக்கும் குற்றத்தின் ஒரு வகை. இன்னொருவருக்கோ பொதுமக்களுக்கோ நஷ்டம் உண்டாக்கும் எண்ணமோ, உண்டாகும் என்ற அறிவோ இருந்தால்தான் நிற்கும். தெருநாய்க்கு விஷம் வைத்தவன்மேல் போடலாம், பக்கத்து வீட்டு மாட்டை வெட்டியவன்மேல் போடலாம். சொந்த நாயைப் பட்டினி போட்டவன்மேல் போட்டால் முதல் வாய்தாவிலேயே ஆட்டம் காணும்.

ஆக உங்கள் கையில் இருப்பது 11-வது பிரிவு மட்டும். அதற்கும் ஒரு கெடு உண்டு, 36-வது பிரிவு. குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். கட்டிப் போட்டது தொடர்ந்து நடந்த குற்றம் என்று வைத்தால்கூட, நாய் அந்த வீட்டில் இருந்த கடைசி நாள் ஆகஸ்ட் 12. நவம்பர் 12-ஐத் தாண்டினால் அந்த மனிதர் செய்தது சட்டத்தின் கண்ணில் முடிந்துபோன கதை. மிச்சம் நிற்பது நீங்கள் செய்தது மட்டும். ஸ்டேஷனில் கொடுத்த மனு இந்தக் கெடுவை நிறுத்தாது. போலீஸ் வழியாக இல்லாமல் நீங்களே நேரடியாகக் கோர்ட்டில் கொடுக்கும் தனிப்புகார் தாக்கலான தேதிதான் கணக்கு. "போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று நான்காவது மாதம் என்னிடம் வந்து நின்ற காப்பகத்துக்காரர்கள் ஒருவர் இருவர் இல்லை. உங்கள் கடிதத்தில் தேதி அக்டோபர் 18. எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்து, நான் நிஜமாகப் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். உங்களைப் போன்றவர்களை முதல் செயலைவிட அதற்கப்புறம் செய்ததுதான் கவிழ்க்கிறது. கடிதத்தோடு உங்கள் வாட்ஸ்அப் குழுவின் பதிவுகளையும் அனுப்பியிருக்கிறீர்கள். ஆகஸ்ட் 11 மாலை ஒரு பையன் எழுதுகிறான்: "நாளைக்கு நைட் தூக்கிடலாம்ணா." கீழே பதினேழு கட்டைவிரல். நாய் சாகக் கிடந்தது, வேறு வழியில்லை, அவசரத்தில் எடுத்தோம் என்று நான் வாதாட எழுந்தால், எதிர்த்தரப்பு இந்த ஒரு வரியைத்தான் படிக்கும். ஒரு நாள் முன்பே நேரம் குறித்துவிட்டு அவசரம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதற்காகக் குழுவைக் கலைத்துவிடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். ஒரு கட்சிக்காரர் நோட்டீஸ் வந்த இரவே வீடியோவை எல்லாம் அழித்தார். நாயின் காயம் தெரிந்த ஒரே வீடியோவும் அதோடு போனது. எதிராளியிடம் மட்டும் பிரதி பத்திரமாக இருந்தது.

உங்கள் வீடியோவை நானும் பார்த்தேன். சங்கிலியும் புழுவும் தெரியும் முதல் நாற்பது விநாடி தங்கம். அதற்கப்புறம் வீட்டுக் கதவு எண், அவர் பைக்கின் நம்பர் பிளேட், வாசலில் பள்ளிச் சீருடையில் அவருடைய மகள், மேலே "மனித மிருகம்" என்று எழுத்து. உண்மையைச் சொன்னால் அவதூறுக் குற்றம் ஆகாது என்பது பாதி விதிதான், அது பொதுநலத்துக்காகவும் இருக்க வேண்டும். அந்தக் குழந்தையைக் காட்டியதில் என்ன பொதுநலம்? மூல வீடியோவை எடுத்த போனோடு அப்படியே வையுங்கள், ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்புங்கள். பிறகு பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிடுங்கள். இன்றைக்கே.

பணம். 83,000 வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனை ரசீது 14,200. மிச்சம் மற்ற நாய்களின் தீனிக்கும் ஷெட்டுக்குத் தகரம் போடவும் போயிருக்கிறது. நம்புகிறேன். ஆனால் கேட்டது இந்த நாயின் பெயரைச் சொல்லி, வந்தது டிரஸ்ட் கணக்குக்கு இல்லை, பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு. திருட்டுப் புகார் நிற்கவில்லை என்றால் அடுத்த புகார் மோசடி என்றுதான் வரும். தகரக் கடை பில் வரை தேடி எடுத்து இந்த வாரமே கணக்கை முடியுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது ஈரோடு. நாய் உங்கள் கையிலேயே இல்லை. நாளை கோர்ட் "கொண்டுவா" என்றால் என்ன செய்வீர்கள்? அந்தக் குடும்பத்துக்கு இந்த விவகாரம் எதையும் சொல்லவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். திருட்டுப் பொருளை வைத்திருப்பதற்கும் தனிப் பிரிவு உண்டு. இதுவரை எதுவும் தெரியாததால் அவர்கள் தப்பிக்கலாம். நோட்டீஸ் வந்த பிறகும் நீங்கள் மறைத்தால் அது அவர்களுக்குச் செய்யும் துரோகம். நாயை வரவழைத்துக் காப்பகத்தில் வையுங்கள். வந்ததும் அரசுக் கால்நடை உதவி மருத்துவரிடம் கழுத்துத் தழும்பைக் காட்டி, அளந்து எழுதி வாங்குங்கள். ஆகஸ்ட் 13 காலை பார்த்த தனியார் மருத்துவரின் சீட்டில் எடை, காயத்தின் ஆழம், புழு எல்லாம் இருக்கிறதா? கடிதத்தில் காணோம். கருத்தடையைத் திருப்ப முடியாது. இனவிருத்திக்கு வைத்திருந்த ராஜபாளையம் என்று அவர் தனியாக ஒரு தொகை கேட்பார்; வேலிக்காவலுக்குக் கட்டிப் போட்டவர் அதை நிரூபிக்கட்டும்.

என் யோசனை உங்களுக்குப் பிடிக்காது. சமரசம் செய்யுங்கள்.

அவருக்கு அந்த நாய் வேண்டாம். வேண்டியிருந்தால் தோலுக்குள் சங்கிலி புதைந்திருக்காது. வேண்டியது வீடியோ போக வேண்டும், தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது நாய். இவ்வளவு சுலபமான பேரம் என்னிடம் அடிக்கடி வருவதில்லை. தனிப்புகாரை இப்போதே தயார் செய்து முதலில் தாக்கல் செய்யுங்கள், அப்புறம் பேசுங்கள். அபராதம் ஐம்பது ரூபாய்தான், ஆனால் கோர்ட்டிலிருந்து அவர் பெயருக்கு ஒரு நோட்டீஸ் போகும். புதிய நடைமுறைச் சட்டத்தில் புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், அதனால் நோட்டீஸ் சீக்கிரமே போய்ச் சேரும். நவம்பர் 12-க்கு அப்புறம் பேசப் போனால் நீங்கள் வெறுங்கையோடு போகிறீர்கள்.

ஒப்பந்தத்தில் அவர் நாயின் உரிமையை உங்கள் டிரஸ்டுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், நாய் இன்னது என்று நிறம், பாலினம், அடையாளம் சொல்லி. திருட்டும் அத்துமீறலும் சமாதானமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள், அவர் அதற்குச் சம்மதம் எழுதித் தர வேண்டும். நீங்கள் வீடியோவை நிரந்தரமாக எடுத்துவிட வேண்டும். வருத்தம் தெரிவிக்கச் சொன்னால், குழந்தையின் முகம் வந்ததற்கு மட்டும் தெரிவியுங்கள். "அனுமதியின்றி எடுத்தது தவறு" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அதுவே வாக்குமூலம்.

இரண்டு வார்த்தை எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது. ஒன்று, "இதற்குப் பதிலாக வதை வழக்கை நடத்த மாட்டோம்." குற்ற வழக்கை விலை பேசும் ஒப்பந்தம் செல்லாது, முழுப் பத்திரமும் அதோடு போகும். இன்னொன்று, "காப்பகத்துக்கு நன்கொடை." உங்கள் ஆட்களில் யாரோ ஒருவர் கட்டாயம் சொல்வார், அம்பதாயிரம் கொடுத்தால் விட்டுவிடலாம், அறுபது நாய்க்குத் தீனியாகும் என்று. வேறொரு ஊரில் ஒரு குழு இதையே செய்தது. மாட்டை வண்டியில் பூட்டி அடித்தவரிடம் போனில் கேட்டார்கள். அவர் பதிவு செய்துகொண்டார். மாட்டு வழக்கு என்ன ஆனது என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை, மிரட்டிப் பணம் பறித்த வழக்கு மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. அவரிடம் ஒரு ரூபாய் வாங்காதீர்கள். அவராகவே ஒரு மூட்டை அரிசி இறக்கினாலும் திருப்பி அனுப்புங்கள்.

அவர் சமரசத்துக்கு வரவில்லை, நாய்தான் வேண்டும் என்கிறார் என்றால், நாயைக் கோர்ட்டின் கட்டுப்பாட்டில் ஒப்படைத்துவிட்டு, வழக்கு முடியும்வரை காப்பகத்திலேயே வைக்கக் கேளுங்கள். வழக்கில் மாட்டிய உரிமையாளரிடமே விலங்கைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை என 1998-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பிஞ்சரபோல் (கால்நடைக் காப்பகம்) வழக்கில் சொல்லியிருக்கிறது. குற்றத்தின் கடுமை, விலங்கு கிடைத்த நிலை, மறுபடி கொடுமைக்கு ஆளாகும் வாய்ப்பு, இவற்றைப் பார்க்கச் சொன்னது. வழக்குச் சொத்தான விலங்குகளைப் பராமரிக்க 2017-ல் வந்த விதிகளும் காப்பகங்களின் பக்கம்தான். இந்த ஆயுதங்களெல்லாம் முறையாகப் பறிமுதல் செய்திருந்தால் கூர்மையாக இருந்திருக்கும். கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட எந்தப் போலீஸ்காரரும் வதைத் தடுப்புச் சட்டத்தின் 34-வது பிரிவில் விலங்கைப் பிடித்து மருத்துவரிடம் காட்டலாம். ஸ்டேஷனில் நீங்கள் "கைது செய்யுங்கள்" என்று கத்தினீர்கள். "34-ல் நாயை எடுங்கள்" என்று எழுதிக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

நோட்டீஸுக்குப் பதிலை நீங்களாக எழுதாதீர்கள். இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வரச்சொல்லி 35(3) நோட்டீஸ் கொடுத்தால் போகாமல் இருக்காதீர்கள், வக்கீலோடு போங்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்ஜாமீன் மனுவைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஈரோட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.