பழைய பைத்தான்லயும் ஓடணும்: வாசகர் கேள்வி பதில்

பைத்தான்ங்கற புரோகிராம் மொழியோட வெர்ஷன் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்ததுல பெரும்பாலானவை ஒரே கவலைதான், நாம எழுதற கோட் பழைய வெர்ஷன் வச்சிருக்கறவங்க சிஸ்டத்துலயும் ஓடணும், அதுக்கு என்ன பண்றது, எதுவரைக்கும் பண்றது. ஒரே மாதிரி கேள்விகளை சேத்து பதில் எழுதியிருக்கேன்.

வாசகர், கரூர்: ஏற்றுமதி கம்பெனி ஒண்ணுக்கு ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்கற புரோகிராம் எழுதிக் குடுத்தேன். என் லேப்டாப்ல 3.12, நல்லா ஓடுது. குடோன்ல இருக்கற கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. இஎக்ஸ்இ பைலா பண்ணிக் குடுத்தும் ஏதோ டிஎல்எல் இல்லன்னு வருது. இப்போதைக்கு புது கம்ப்யூட்டர் வாங்க மாட்டாங்களாம். என்ன வழிங்க சார்?

பதில்: வழி இருக்குங்க, ஆனா 3.12ல இல்ல. பைத்தான் 3.9ல இருந்தே விண்டோஸ் 8.1க்கு கீழ ஓடாது, விண்டோஸ் 7க்கு கடைசி 3.8தான். இஎக்ஸ்இ பண்ணாலும் அதே கததான், ஏன்னா அந்த பைலுக்குள்ள உங்க 3.12தான் உக்காந்திருக்கு, அது விண்டோஸ் 7ல இல்லாத ஒரு டிஎல்எல்ல, அதாவது விண்டோஸோட துணை பைல, தேடுது. "ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்"னு ஆரம்பிக்கற பேர் வந்திருக்கும் பாருங்க. அந்த டிஎல்எல்ல நெட்ல எங்கயாவது எடுத்துப் போட்டா ஓடிடும்னு யாராவது சொல்வாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, கம்பெனி கணக்கு இருக்கற மெஷின்ல கண்ட சைட்டோட டிஎல்எல்ல போடறது ரொம்ப ஆபத்து.

உங்க லேப்டாப்லயே 3.8ஐ தனியா இன்ஸ்டால் பண்ணிக்கங்க, 3.12ம் பக்கத்துலயே இருக்கலாம், ஒண்ணால இன்னொண்ணுக்கு தொந்தரவு இல்ல. 3.8ல கடைசியா வந்தது 3.8.20, ஆனா அதுக்கு விண்டோஸ் இன்ஸ்டாலர் கெடையாது, சோர்ஸ் மட்டும்தான். இன்ஸ்டாலரோட வந்த கடைசி வெர்ஷன் 2021 மே மாசம் வந்த 3.8.10, அத எடுங்க. இஎக்ஸ்இயும் அந்த 3.8 வச்சே பண்ணுங்க.

அப்புறம் கோட். மேட்ச்-கேஸ்ங்கற புது இலக்கணம் 3.10ல வந்தது, ரெண்டு டிக்‌ஷனரிய நடுவுல நேர்கோடு போட்டு சேக்கறது 3.9ல வந்தது, அதெல்லாம் 3.8க்கு தெரியாதுன்னு தேடுனா உடனே கெடைக்கும். ஆள மாட்டி விடறது எஃப்-ஸ்ட்ரிங், அதாவது மேற்கோளுக்குள்ளயே மதிப்ப நிரப்பி எழுதற முறை. அது 3.6லயே வந்தாச்சேன்னு தைரியமா எழுதுவோம், ஆனா 3.12ல ஒரு புது வசதி குடுத்தாங்க, வெளிய இரட்டை மேற்கோள் போட்டு உள்ள டிக்‌ஷனரி கீக்கும் அதே இரட்டை மேற்கோள் போடலாம். அதுக்கு முந்தின வெர்ஷன் எல்லாம் உள்ள வர்ற முதல் மேற்கோள்லயே ஸ்ட்ரிங் முடிஞ்சதா எடுத்துக்கும், சின்டாக்ஸ் எரர்தான், அதாவது இலக்கணப் பிழை. உள்ள ஒற்றை மேற்கோள் போட்டுட்டா எல்லா வெர்ஷன்லயும் ஓடும்.

சின்டாக்ஸ் எரர பத்தி ஒண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, அது பைல்ல ஒரு வரி கூட ஓடறதுக்கு முன்னாடியே வந்துடும். "3.8ஆ இருந்தா இப்படி, புதுசா இருந்தா அப்படி"ன்னு இஃப் போட்டு ஒரே பைலுக்குள்ள புது இலக்கணத்தயும் வச்சா வேலைக்கு ஆகாது, கோட் அந்த இஃப் வரைக்கும் போகவே போகாது, ட்ரை-எக்ஸெப்ட் சுத்தி வச்சாலும் அதேதான். ஒரு ஃபங்ஷன் பழைய வெர்ஷன்ல இல்லன்னா இஃப் போட்டு சமாளிக்கலாம், இலக்கணமே இல்லன்னா தனி பைல்ல வைக்கணும், இல்ல பழைய மாதிரியே எழுதிடணும். உங்க புரோகிராம் அளவுக்கு பழைய மாதிரி எழுதறதே போதும்.

வெர்மின்னு ஒரு டூல் இருக்கு, கோட குடுத்தா குறைஞ்சது எந்த வெர்ஷன் வேணும்னு சொல்லும், தடவிப் பாக்க நல்லது, ஆனா நிஜமா 3.8ல ஒரு தடவ ஓட்டிப் பாக்காம பைல அனுப்பாதீங்க. பாண்டாஸ் (டேபிள் கணக்கு லைப்ரரி) வச்சு பண்ணிருந்தீங்கன்னா 3.8க்கு 2.0 வரிசையோட முடிஞ்சது, அதுக்கு அடியில இருக்கற நம்பை 1.24ஓட. இன்னொண்ணு, விண்டோஸ் 7க்கு செக்யூரிட்டி அப்டேட் 2020 ஜனவரிலயும் பைத்தான் 3.8க்கு 2024லயும் நின்னு போச்சு, அதனால அந்த மெஷின்ல நெட் கனெக்‌ஷன எடுத்துடச் சொல்லுங்க, ஸ்டாக் ரிப்போர்ட்டுக்கு நெட் தேவையே இல்ல.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: பைத்தான் 2ல இருந்து 3க்கு போனப்ப எல்லா கோடும் உடைஞ்சுதுன்னு சீனியர்ஸ் சொல்றாங்க அண்ணா. பழைய கோடும் ஓடற மாதிரியே புது வெர்ஷன் பண்ணியிருக்கக் கூடாதா?

பதில்: சில விஷயத்துல முடிஞ்சிருக்கும்மா, முக்கியமான ஒண்ணுல முடியாது. அது என்னன்னு தமிழ வச்சே பாத்துடலாம்.

பைத்தான் 2ல "தமிழ்"னு ஒரு ஸ்ட்ரிங் எழுதி நீளம் கேட்டா 15னு சொல்லும். தமிழ் எழுத்து ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8ங்கற சேமிப்பு முறைல 3 பைட், "தமிழ்"ங்கறதுல த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு 5 குறி இருக்கு, அதான் 15. அதாவது பைத்தான் 2க்கு சாதாரண ஸ்ட்ரிங்ங்கறது வெறும் பைட். எழுத்தா நடத்தணும்னா முன்னாடி ஒரு யூ போட்டு யூனிகோட் ஸ்ட்ரிங்கா எழுதணும், அப்ப 5 வரும். பிரச்சன எங்கன்னா இந்த ரெண்டையும் கலக்க பைத்தான் 2 விட்டுடுச்சு. ஒரு சாதா ஸ்ட்ரிங்கையும் ஒரு யூனிகோட் ஸ்ட்ரிங்கையும் கூட்டுனா அதுவா ஆஸ்கின்னு (இங்கிலீஷ் எழுத்துக்கு மட்டுமான பழைய முறை) நெனச்சு மாத்தும், இங்கிலீஷ் பேரா இருந்தா வருஷக்கணக்கா ஒரு தப்பும் வராது, முதல் தமிழ் பேர் உள்ள வந்த அன்னைக்கு "இ0ங்கற பைட்ட ஆஸ்கியால படிக்க முடியல"ன்னு புரோகிராம் நின்னுடும். அந்த இ0தான் (இங்கிலீஷ் E, பக்கத்துல சைபர்) யூடிஎஃப்-8ல தமிழ் எழுத்து ஒவ்வொண்ணோட முதல் பைட். இங்கிலீஷ்ல மட்டும் டெஸ்ட் பண்ணவங்களுக்கு இந்த எரர் கண்ணுலயே படாது, நமக்குத்தான் தினம் தினம் படும்.

இத சரி பண்ணணும்னா எழுத்து வேற பைட் வேற, ரெண்டையும் தானா கலக்க மாட்டேன்னு மொழியே சொல்லணும், அப்படி சொன்னா கலந்து எழுதின பழைய கோட் எல்லாம் நின்னுதான் ஆகும். 2008 டிசம்பர்ல வந்த 3.0 அதத்தான் செஞ்சது. என்னக் கேட்டா அது சரியான முடிவு. பைத்தான் 3ல "தமிழ்" எப்பவும் 5தான். நாம எண்ற மாதிரி த, மி, ழ்னு 3 வேணும்னா அதுக்கு ஓப்பன்-தமிழ் லைப்ரரி இருக்கு.

ஆனா போன விதத்துல எனக்கு குறை உண்டு. ஆரம்பத்துல அவங்க சொன்ன வழி, கோட 2லயே எழுதுங்க, 2-டு-3ங்கற டூல் போட்டு 3க்கு மாத்திக்கங்கன்னு. லைப்ரரி எழுதறவங்களுக்கு அது ஒத்தே வரல, எரர் வர்றது மாத்தின கோட்ல, திருத்த வேண்டியது மாத்தாத கோட்ல, யாரு அப்படி வேல பாக்க முடியும். ஒரே கோட் ரெண்டுலயும் ஓடற வழியத்தான் எல்லாரும் தேடுனாங்க, ஆனா 3.0ல அந்த யூவ தூக்கிட்டாங்க, யூ போட்டா சின்டாக்ஸ் எரர். யூ போடலன்னா 2ல பைட் ஆயிடும், போட்டா 3ல ஓடாது. 2012ல 3.3ல அந்த யூவ திருப்பி விட்டாங்க, 3ல அதுக்கு ஒரு வேலையும் இல்ல, பழைய கோடும் ஓடட்டும்ங்கறதுக்காக மட்டுமே விட்டது. அதோட சிக்ஸ்னு ஒரு லைப்ரரி இருந்துச்சு, ரெண்டையும் மூணையும் பெருக்கி வச்ச பேரு, ரெண்டு வெர்ஷனுக்கும் பொதுவா ஒரே பேர்ல ஃபங்ஷன் குடுக்கும். பெரிய பெரிய லைப்ரரி பலதும் இப்படித்தான் நகந்துச்சு. பைத்தான் 2.7க்கு முதல்ல 2015னு கெடு வச்சு, 2014ல அத 2020க்கு தள்ளி, கடைசி 2.7.18 2020 ஏப்ரல்ல வந்துச்சு. 3.0 வந்து பதினோரு வருஷத்துக்கு மேல ரெண்டும் சேந்தே ஓடியிருக்கு.

வாசகர், கோயம்புத்தூர்: வெர்ஷன் என்னன்னு பாத்து அதுக்கு ஏத்த மாதிரி இம்போர்ட் பண்றேன். 3.9 வரைக்கும் சரியா வந்தது, 3.10 போட்டதும் பழைய வெர்ஷன்னு நெனச்சுக்குது. ஏன்?

பதில்: வெர்ஷன ஸ்ட்ரிங்கா எடுத்து முதல் மூணு எழுத்த வெட்டுறீங்க, 3.10ல அது 3.1 ஆயிடுது. முழுசா வச்சுக்கிட்டாலும் ஸ்ட்ரிங் கணக்குல 3.10 வந்து 3.9க்கு கீழதான், ஏன்னா 1ங்கற எழுத்து 9க்கு முன்னாடி. சிஸ் மாட்யூல்ல இருக்கற வெர்ஷன்-இன்ஃபோவ எடுத்து 3, 10ங்கற டியூப்பிளோட (எண் ஜோடியோட) ஒப்பிடுங்க, எண்ணா ஒப்பிடும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் (கோட தானா டெஸ்ட் பண்ற சேவை) யூஸ் பண்றவங்க அதோட யாமல்ங்கற அமைப்பு பைலயும் ஒரு தடவ பாத்துடுங்க, 3.10ஐ மேற்கோள் இல்லாம எழுதினா அத தசம எண்ணா படிச்சு 3.1ஆ ஆக்கிடும்.

வாசகர், சென்னை: சின்ன லைப்ரரி ஒண்ணு பைப்பைல (பைத்தான் லைப்ரரி பகிர்ற சைட்) போட்டிருக்கேன், லீவு நாள்ல மட்டும் பாக்கறது. 3.7ஐ விட்டுடலாம்னு இருக்கேன், ஒருத்தர் எங்க கம்பெனில 3.7தான், விட்டுடாதீங்கன்னு கெஞ்சி எழுதியிருக்கார். மனசு கேக்கல.

பதில்: அவர கைவிடாமயே 3.7ஐ விடலாம். நீங்க போன மாசம் வரைக்கும் போட்ட ரிலீஸ் எல்லாம் பைப்பைல அப்படியேதான் இருக்கும், புது ரிலீஸ்ல "ரிக்வயர்ஸ்-பைத்தான் 3.9ம் அதுக்கு மேலயும்"னு குறிச்சு விட்டா அவரு சிஸ்டத்துல பிப் (லைப்ரரி இன்ஸ்டால் பண்ற டூல்) அதத் தாண்டி பழைய ரிலீஸையே எடுத்துக் குடுக்கும். 2016ல வந்த பிப் 9ல இருந்து இந்த வசதி இருக்கு. 2017 ஏப்ரல்ல ஐபைத்தான்ங்கற டூலோட 6 வந்தப்ப பைத்தான் 2ஐ இப்படித்தான் விட்டாங்க, 5ஐ நீண்டகால வரிசையா வச்சுக்கிட்டாங்க, பழைய ஆளுங்களுக்கு 5 தானா கெடைச்சது.

இதுல ரெண்டு குழி இருக்கு. அந்தக் குறிப்ப மறந்துட்டு புது கோட அப்லோட் பண்ணிட்டா 3.7காரர் எல்லாருக்கும் புதுசே இறங்கி உடையும், அப்லோட் பண்ண பைலோட குறிப்ப அப்புறம் திருத்தவும் முடியாது, அந்த ரிலீஸ யாங்க் பண்ணிட்டு (பிப் எடுக்காத மாதிரி விலக்கிட்டு) குறிப்போட இன்னொண்ணு போடணும். ரெண்டாவது, சிலர் ஜாக்கிரதையா "3.13க்கு கீழ மட்டும்"னு மேல் எல்லையும் போடறாங்க. போடாதீங்க. 3.13 வச்சிருக்கறவர் இன்ஸ்டால் பண்றப்ப பிப் பின்னாடி போய்ப் போய் அந்த எல்லை போடாத உங்க ஆதிகால ரிலீஸ எடுத்துக் குடுத்துடும்.

எப்ப விடறதுன்னு கேட்டா, பைத்தான் இப்ப ஒவ்வொரு அக்டோபரும் ஒரு வெர்ஷன் வருது, ஒவ்வொண்ணுக்கும் 5 வருஷம். பைத்தான் டீமே விட்ட வெர்ஷன நீங்களும் விடறதுல ஒரு தப்பும் இல்ல, 3.7ஐ அவங்க 2023ல விட்டாச்சு. நம்பை மாதிரி அறிவியல் லைப்ரரிங்க அதவிட வேகம், ஒரு வெர்ஷன் வந்து 3 வருஷத்துல விட்டுடலாம்னு அவங்களுக்குள்ள ஒரு வழக்கம் வச்சிருக்காங்க. அந்த வாசகர் கிட்ட 3.7க்கு கடைசி ரிலீஸ் இதுதான்னு தேதியோட சொல்லிடுங்க, அவரும் அவரு மேனேஜர் கிட்ட அந்த தேதிய காட்டி பேசிக்கலாம். லீவு நாள பழைய வெர்ஷனுக்கே செலவு பண்ணா லைப்ரரியவே ஒரு நாள் விட்டுடுவீங்க, அதான் எல்லாருக்கும் பெரிய நஷ்டம்.

வாசகர், திருச்சி: மத்த மொழிகள்லயும் இந்தத் தொல்லை உண்டா?

பதில்: உண்டு, சிலது முன்கூட்டியே யோசிச்சிருக்கு. கோ மொழி 2012ல 1.0 விட்டப்பவே, 1க்கு எழுதின கோட் 1 வரிசைல தொடர்ந்து ஓடும்னு வாக்கு குடுத்து இன்னைக்கும் காப்பாத்திட்டு இருக்காங்க. ரஸ்ட் மொழில எடிஷன்னு உண்டு, 2015, 2018, 2021, 2024ன்னு, ஒவ்வொரு லைப்ரரியும் தன் எடிஷன தானே சொல்லிக்கலாம், வேற வேற எடிஷன் லைப்ரரி ஒரே புரோகிராம்ல சேந்து ஓடும். பைத்தான் 3 வர்றப்ப இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தா எவ்வளவோ வேல மிச்சமாயிருக்கும்.

வாசகர், மதுரை: எங்க கடை பில்லிங் இன்னும் 2.7லதான் ஓடுது. 3க்கு மாத்தறேன், எரர் வர்றத எல்லாம் ஒண்ணொண்ணா திருத்திட்டேன், இப்ப ஓடுது. மாத்திடலாமா?

பதில்: இருங்க, இன்னும் மாத்தாதீங்க. எரர் வந்து நிக்கறது நல்ல தப்பு, அதாவது கண்ணுக்குத் தெரியற தப்பு. பில்லிங்ல பயப்பட வேண்டியது எரரே வராம விடை மட்டும் மாறறது.

112 ரூபா 50 பைசாவ முழு ரூபாவா ரவுண்ட் பண்ணுங்க. பைத்தான் 2 113னு சொல்லும், பைத்தான் 3 112னு சொல்லும். சரிபாதில நிக்கற எண்ண 3 பக்கத்துல இருக்கற இரட்டைப்படை எண்ணுக்கு தள்ளும், 113.50ஆ இருந்தா ரெண்டுமே 114தான், அதனால சில பில்லுல மட்டும் ஒரு ரூபா குறையும், ஆடிட்டர் கேக்கற வரைக்கும் தெரியாது. அடுத்தது வகுத்தல், 50 பீஸ பெட்டிக்கு 12னு வகுத்தா 2ல 4, 3ல நாலே சொச்சம். முழு எண் வேணும்ங்கற இடத்துல ரெண்டு சாய்கோடு போடுங்க, அது ரெண்டு வெர்ஷன்லயும் ஒண்ணுதான். பழைய பைல்லயே தலைப்புல ஃபியூச்சர்ல இருந்து டிவிஷன இம்போர்ட் பண்ணிட்டா 2.7லயே 3 மாதிரி வகுக்கும், எங்கெங்க விடை மாறுதுன்னு அங்கயே பாத்துடலாம்.

போன ஒரு வருஷ பில்ல எடுங்க. பழைய புரோகிராம்லயும் புதுசுலயும் ஒரே டேட்டாவ ஓட்டி ரெண்டு மொத்தத்தையும் வரிக்கு வரி ஒப்பிடற மாதிரி ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதுங்க. வித்தியாசம் வர்ற பில்ல பாத்தா அனேகமா 50 பைசால முடியறதாத்தான் இருக்கும், அங்கெல்லாம் ரவுண்ட எடுத்துட்டு டெசிமல் மாட்யூல்ல ரவுண்ட்-ஹாஃப்-அப் போடுங்க, அது 2.7லயும் இருக்கு 3லயும் இருக்கு, ரெண்டுலயும் 113தான் வரும். ஒப்பிட்டதுல ஒரு வரி கூட மாறலன்னு வந்தப்புறம் மாத்துங்க, அடுத்த ஒரு மாச கணக்கு முடியற வரைக்கும் பழைய சிஸ்டத்தையும் அழிக்காம வைங்க.