பிரேக் பைப்பில் அரைகுறை வேலை செய்த பட்டறை நஷ்டஈடு தருமா?

கேள்வி: நாமக்கல்லில் சொந்தமாக மினி சரக்கு வண்டி வைத்து நானே ஓட்டுகிறேன். பின்சக்கர பிரேக் பைப் ஜாயின்டில் ஆயில் கசிந்ததால் பட்டறையில் விட்டேன். நட்டில் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கி, பில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரமே பெடல் அடிவரை இறங்கி, முன்னால் நின்ற பைக்கில் மோதிவிட்டேன். அவருக்குக் கால் எலும்பு முறிவு. “வெளியே போன வண்டிக்குப் பொறுப்பில்லை என்று பில்லிலேயே இருக்கிறது” என்கிறார் பட்டறைக்காரர். சரக்கு வண்டி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாதாமே?

பதில்: வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வேறு பட்டறையில் நின்றால், அந்த பைப்பையும் நட்டையும் தொட வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். புது பைப் மாட்டிப் பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் உங்கள் வழக்கில் பாதி போய்விடும்.

காரணம் இதுதான். பிரேக் பைப்பில் ஆயிலை அடைத்து நிறுத்துவது நட்டின் மரை அல்ல. பைப் முனையில் விரித்துவிட்ட வாய், அது உட்காரும் இடத்தில் அழுந்திப் பிடிப்பதுதான். வாய் வெடித்திருந்தால் பைப்பை மாற்ற வேண்டும், அல்லது முனையை வெட்டிப் புதிதாக வாய் விரிக்க வேண்டும். மரையில் டேப் சுற்றுவதால் அது சரியாகாது. அந்த டேப் இன்னும் நட்டில் இருந்தால் சேவைக் குறைபாட்டுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னிலையில் படம் எடுத்த பிறகே கழற்றச் சொல்லுங்கள். காவல்துறை வழக்கு இருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை நகலும் வாங்குங்கள். அதில் பிரேக் பிடிக்கவில்லை என்று மட்டும் இருந்து காரணம் இல்லையென்றால், நிபுணரைக் கொண்டு பைப்பைச் சோதிக்க ஆணையத்திடம் மனுப் போடுங்கள்.

பில்லில் அச்சடித்த ஒரு வரி, செய்த வேலையின் குறைக்குப் பட்டறையை விடுவித்துவிடாது. வணிக வண்டி என்ற ஆட்சேபம்தான் கொஞ்சம் கனமானது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-இன் விளக்கம், சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவர் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. ஆனால் அதன் வாசகம் பொருட்களைப் பற்றியே பேசுகிறது, பழுதுபார்ப்பு போன்ற சேவையைப் பற்றி அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஆகவே ஓட்டுவது நீங்களே, குடும்பம் நடப்பது இந்த ஒரு வண்டியால் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதி, ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்.சி.யையும் இணையுங்கள்.

முதலில் பட்டறைக்கு 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ். பிறகு உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். காலக்கெடு 2 ஆண்டு. உங்கள் பில் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

அடிபட்டவர் விஷயம் தனி. அவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார். அங்கே ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது. வெளியே தெரியாத பழுது என்றால், தக்க கவனம் எடுத்தும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வண்டிக்காரரே நிரூபிக்க வேண்டும் என 1977-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கசிவு தெரிந்ததும் பட்டறையில் விட்டதற்கு அந்த பில்தான் ஆதாரம், பத்திரமாக வைத்திருங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இதுவரை எழுத்தில் தெரிவிக்கவில்லையென்றால் நாளைக்குள் தெரிவியுங்கள்.